பிசிஓடி மூலிகை பேக்கேஜ்: 11,700 ரூபாய் கொடுத்தவள் சொல்கிறேன்

நேற்று மதியம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறின பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

மாதவிடாய் தள்ளிப்போகிறதா, ஹார்மோன் சரியில்லையா, நீர்க்கட்டியா என்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டு மூலிகைப் பொடி விற்கிற ஒரு கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மதுரைக்குள்ளேயே ஒரு மாடி ரூம், மற்றபடி எல்லாம் போனில்தான். போனது 11,700 ரூபாய். இந்த மாதிரி மருந்து வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்குத் தைராய்டு உண்டு, தினமும் மாத்திரை. போன வருஷம் ஸ்கேனில் பிசிஓடி, அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்றும் வந்தது. மாதவிடாய் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளும். தாடையில் முடி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலிதான். வீட்டில் அத்தை வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டார், மாதக் கடைசியில் காலண்டரைப் பார்ப்பார், அவ்வளவுதான். டாக்டரிடம் போனால் வெளியே முப்பது பேர் காத்திருப்பார்கள். "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

இப்படி இருக்கிறவளுக்கு "கன்சல்டேஷன் இலவசம்" என்று ஒரு ரீல் வந்தால்? நம்பரை அனுப்பினேன். அன்றைக்கே ராத்திரி ஒரு பெண் கூப்பிட்டார். "சாப்ட்டீங்களா தங்கம்?" என்றுதான் ஆரம்பித்தார். அவசரமே இல்லாத குரல். இதுவரை யாரும் கேட்காததையெல்லாம் கேட்டார். ரத்தம் கட்டி கட்டியாக வருகிறதா, முதல் நாள் தொடை இழுக்கிறதா, தாடை முடியை எப்படி எடுக்கிறீர்கள், பின்கழுத்து கறுத்திருக்கிறதா. அந்தக் கழுத்துக் கறுப்பை நான் எப்போதும் துப்பட்டா போட்டு மூடி வைப்பேன். என் வீட்டுக்காரரிடம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. போனில் முகம் தெரியாத ஒரு பெண் அதைக் கேட்டதும் இவருக்கு நம் உடம்பு தெரிந்திருக்கிறதே என்று தோன்றிவிட்டது. (இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கழுத்து கறுப்பது சாதாரணம், பிசிஓடி பற்றி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் பத்து வரியில் அது இருக்கும் என்பது இப்போது தெரிகிறது.)

"எங்க அக்காவுக்கும் இதே பிரச்சினைதான் தங்கம். நம்ம மருந்துதான் எடுத்தா. இப்ப ரெட்டைப் புள்ள" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். அதற்கு அப்புறம்தான் விலையைச் சொன்னார்.

மாதம் 3,900. மூன்று மாதக் கோர்ஸ் 11,700. "மாசா மாசம் வாங்கினா பாதியில விட்டுருவீங்க, விட்டா கட்டி திரும்ப வந்துரும். மொத்தமா எடுத்துக்கங்க. மூணே மாசம், நிரந்தரத் தீர்வு." சீட்டு எடுத்த பணம் கணக்கில் இருந்தது. அந்தப் போனை வைப்பதற்குள் ஜிபே செய்துவிட்டேன்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் பில் போடுகிற பெண்ணுக்கும் அதே இடத்திலிருந்து போன் வந்திருக்கிறது. அதே சாப்ட்டீங்களா, அதே தங்கம், அதே கழுத்துக் கறுப்பு. அக்காவுக்கு மட்டும் இந்தத் தடவை ஒரே ஒரு பெண் குழந்தை.

கூரியரில் மாதத்துக்கு மூன்று டப்பா என்று வந்தது. காலையில் வெறும் வயிற்றில் சூரணம், ராத்திரி லேகியம், மாதவிடாய் நாட்களில் கஷாயப் பொடி. ரீல்ஸில் கழற்சிக்காய், அசோகப்பட்டை, தண்ணீர்விட்டான் கிழங்கு, மலைவேம்பு என்று அடுக்கினார்கள். டப்பாவில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. "100% இயற்கை, பக்கவிளைவு அறவே இல்லை" என்று மட்டும் பெரிய எழுத்தில். "தைராய்டு மாத்திரையை நிறுத்திருங்க தங்கம், இங்கிலீஷ் மருந்து உள்ள இருந்தா நம்ம மருந்து ஏறாது" என்று அதே பெண் சொன்னார். இதை வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பியிருக்கிறார், என்னிடம் இருக்கிறது. நானும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் மாதவிடாய் வந்தது. வந்தது, நிற்கவில்லை. பேடு மாற்றி மாளவில்லை. கடையில் நாற்காலியை விட்டு எழுந்தால் கண் இருட்டும். போன் செய்தேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்! தேங்கிக் கிடந்த கெட்ட ரத்தம் வெளியேறுது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." இன்னும் சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன், நிற்கவே இல்லை என்று. "தயிர் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "அதான் பாருங்க." அவ்வளவுதான், குற்றவாளி நான்.

அதற்குப் பிறகு போனை எடுப்பது வேறு ஆட்கள். மேடம் கேம்ப்பில் இருக்கிறார். மேடம் கோயம்புத்தூர் போயிருக்கிறார். சித்திரைத் திருவிழா வந்தது, "அழகர் ஆத்துல எறங்குற வாரம்க்கா, ஸ்டாஃப் யாருமே இல்ல" என்றார்கள். சரி, மதுரையில் அது நியாயமான காரணம்தான் என்று விட்டேன். அழகர் மலைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தார், மேடம் திரும்பவில்லை.

கடைசியில் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்எச் நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும், எனக்கு 38. தைராய்டு மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கத்தினார். தைராய்டு சுரப்பு குறைந்தாலே மாதவிடாய் தாறுமாறாகும், சிலருக்கு ரத்தப்போக்கு அதிகமாகும் என்று அப்புறம் நிதானமாகச் சொன்னார். பொடிக்குள் வேறு ஏதாவது கலந்திருந்ததா என்பதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அதனால் நானும் அதைச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவர்கள், அது மட்டும் உறுதி.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், கட்டி கரையுமா என்று. ஸ்கேனில் வரிசையாகத் தெரிகிற அந்தச் சின்னச் சின்னப் பைகள் முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப்பைகளாம். கரைத்து வெளியேற்றுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. பிசிஓடியை உணவு, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து என்று கட்டுக்குள் வைக்கலாம், மூன்று மாதத்தில் வேரோடு எடுக்கிற மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து அந்தக் கடையின் பக்கத்தில் "முன், பின்" என்று போட்டிருந்த ஸ்கேன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரை வெட்டியவர்கள் மூலையில் இருந்த தேதியை வெட்ட மறந்திருக்கிறார்கள். "பின்" என்று போட்ட ஸ்கேன், "முன்" ஸ்கேனுக்கு நான்கு மாதம் முந்தையது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 11,700 முழுதும்கூட வேண்டாம், பிரிக்காத இரண்டு மாத டப்பாவுக்காவது கொடுங்கள் என்றேன். ரீஃபண்ட் பாலிசி இல்லையாம். "வேணும்னா அதே அமௌன்ட்டுக்கு எங்க ஹேர் ஆயில் எடுத்துக்கங்கக்கா, முடி கொட்டுறதுக்கு நல்லா கேக்கும்." ரத்தம் இல்லாமல் படுத்துக் கிடக்கிறவளிடம் ஹேர் ஆயில்! அவர்கள் பக்கத்தில் போட்ட கமென்டை அழித்துவிட்டார்கள். நேரே போனேன். மாடி ரூமில் ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். "மேடம் சென்னையில இருக்காங்கக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது." அவளைத் திட்ட மனம் வரவில்லை. கீழே டீக்கடைக்காரர், "உங்கள மாதிரி வாரத்துக்கு ஒருத்தர் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்க தாயி" என்றார்.

ஸ்டிக்கர் என்றதும் நினைவு வந்து, வீட்டில் என் டப்பாவின் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினேன். கால்வாசி உரிந்தது. அடியில் இன்னொரு லேபிள்: முருங்கைக்கீரைப் பொடி, 100 கிராம். விலை 90 ரூபாய்.

மூலிகையையே நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் அப்பத்தா செய்து கொடுத்த உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அந்தச் சூரணத்தைக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடையில் காட்டினேன். பெரியவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "வெந்தயம்தான் முக்காவாசி, கொஞ்சம் சதகுப்பை. கழற்சிக்காய் இருந்தா இந்தக் கசப்பா இருக்கும்?" என்று சிரித்தார். அசோகப்பட்டை என்று கேட்டால் நெட்டிலிங்கப் பட்டையைக் கட்டிக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்றார். இதே பொடியை அவர் இடித்துக் கொடுத்தால் இருநூறு ரூபாய்கூட ஆகாதாம். நான் கொடுத்தது 11,700.

இன்னொரு விஷயம், இது தெரிந்ததும் வயிறு எரிந்தது. பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரி செய்யும் என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954-ம் வருஷத்து மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம், 3-வது பிரிவில் அப்படியே இருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை வைக்கலாம். எழுபது வருஷமாக இருக்கிற சட்டம். தினமும் நம் போனில் பத்து ரீல் வருகிறது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து டைப் அடிக்க இதற்கு மேல் தெம்பு இல்லை, இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

தைராய்டு, சுகர், பிரஷர் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னாலும் அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சித்த மருந்து என்றால் டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இவர்கள் டப்பாவில் இருந்த 14 இலக்க எண் உணவுப் பொருளுக்கானது, சத்துமாவு விற்பவருக்கும் அதுதான். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரியிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது, படித்த டாக்டர் நாடி பார்த்து மருந்தைச் சும்மாவே கொடுக்கிறார். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், எதிரே இருப்பவர் எவ்வளவு தங்கம் போட்டாலும்.

என்னை மாதிரி ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? நுகர்வோர் உதவி எண் 1915, உடனே புகார் எண் தருகிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், மிச்சப் பொடியோடு அப்படியே வையுங்கள். ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பிளாக் ஆவதற்கு முன்பே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். அதே கடையில் வாங்கியவர்கள், டப்பா ஸ்டிக்கரை உரித்துப் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படம் அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை போகிறேன்.