பீசோவா, டி.ஆர்.பி.வி.1-ஆ: ரத்த அழுத்தத்தில் எதன் பங்கு என்ன?

இரண்டுமே உணர்வு நரம்புகளில் உள்ள அயனி வாயில்கள்; அதாவது, திறந்தால் மின்னேற்றத் துகள்களை உள்ளே விட்டு நரம்பைத் தூண்டும் புரதங்கள். வேலைதான் வேறு.

பீசோ 1, பீசோ 2 இழுவிசைக்குத் திறப்பவை. கழுத்துத் தமனியும் பெருந்தமனி வளைவும் துடிப்புக்குத் துடிப்பு விரியும்போது அங்குள்ள நரம்பு முனைகளில் இவை திறக்கும். செய்தி மூளைத்தண்டுக்குப் போய், இதயத்துடிப்பு குறையும், குழாய்கள் தளரும். 2018-இல் வெளியான எலி ஆய்வில் இரண்டையும் சேர்த்து நீக்கியபோது தானாக நடக்கும் இந்தச் சீராக்கம் (அனிச்சை) அற்றுப்போய், அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது. ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது ஈடுகட்டியது. ஆனால் அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் இந்த அனிச்சை அந்த உயரத்தையே இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடும். நாள்பட்ட நோயைப் பீசோவால் மட்டும் விளக்க முடியாதது அதனால்தான்.

டி.ஆர்.பி.வி.1 சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கும் திறக்கும். அப்போது நரம்பு முனை சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடை (சிறு புரதத் துணுக்கை) வெளிவிட, ரத்தக்குழாய் விரியும். மருந்தாக்குவது கடினம்: இந்த வாயிலைத் தடுத்தால் உடல்சூடு ஏறுகிறது, தூண்டினால் எரிகிறது. மிளகாய் நல்லதென்று ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பு அதிலேயே கரைந்துவிடும்.

பீசோ இயக்கும் அனிச்சையின் நிலையை வீட்டிலேயே ரத்த அழுத்தமானியால் ஓரளவு பார்க்கலாம். 5 நிமிடம் படுத்தபின் ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3-ஆவது நிமிடங்களில் மறுபடி அளவெடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.