கணினிக் குப்பையை அள்ளப் போய் 59 வெள்ளியைத் தொலைத்தேன்

மடிக்கணினியோடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்ததும் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஆனால் அது போன மாதிரித் தெரியவில்லை. கணினியைத் திறக்கும்போதெல்லாம் 'உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை எப்படி நீக்குவது என்று தேடினேன். முதலில் வந்தது விளம்பரம் என்று கவனிக்காமல் அதையே அழுத்தினேன்.

இரண்டு நிமிடத்தில் அந்த 'இலவச' மென்பொருள் 1,864 பிரச்சினைகள் என்று சிவப்பில் காட்டியது. பார்ப்பதுதான் இலவசமாம், நீக்க 59 சிங்கப்பூர் வெள்ளி. ராத்திரி 11 மணி, மறுநாள் காலை வேலை. கடன்பற்று அட்டை எண்ணைத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் உட்லண்ட்ஸ் வீட்டுக்குள் நுழையும்போதே, "என்னங்க பண்ணீங்க இந்தக் கம்ப்யூட்டரை?" என்றாள் மனைவி. அவள் துணைப்பாட வகுப்பு எடுக்கும் தமிழாசிரியை. தமிழ்த் தட்டச்சு வேலை செய்யவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. யாரும் பயன்படுத்தாதது என்று அந்த மென்பொருள் அதில் அழித்தவற்றோடு தமிழ் விசைப்பலகைக்கு வேண்டியதும் போய்விட்டது. பிள்ளைகளுக்கான பயிற்சித்தாளை அன்றைக்குக் கையால்தான் எழுதினாள். ஆன்டிவைரஸ் பெட்டி மட்டும் வழக்கம்போல எட்டிப் பார்த்தது!

சந்தேகம் வந்து, அண்ணன் மகன் சிம் லிம் சதுக்கத்தில் வாங்கி வந்த புதுக் கணினியில் அதே மென்பொருளின் இலவசச் சோதனையை ஓட்டினோம். பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கணினி. அதில் 412 பிரச்சினைகள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சும் பதிவுகள் பெரும்பாலும் சில கிலோபைட்தான்; அவற்றால் கணினி மெதுவாவதில்லை. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. இடத்தை அடைப்பவை கோப்புறைகள்தான். புரோகிராம் ஃபைல்ஸ், மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா, இந்த மூன்றிலும் நீக்கிய மென்பொருளின் பெயரிலோ அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரிலோ கோப்புறை இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். ஒரே நிறுவனத்தின் வேறு மென்பொருளும் அதற்குள் இருக்கலாம், அதனால் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள். ஆன்டிவைரஸ் மட்டும் தனி ரகம், ஆழமாக வேர்விடும். அதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே இலவச நீக்கும் கருவி தருகிறார்கள். நான் அதை ஓட்டிக் கணினியை மறுபடி தொடங்கினேன். பத்தே நிமிடம், பெட்டி ஒழிந்தது. தமிழ் விசைப்பலகையையும் புதிதாக நிறுவிக்கொண்டோம்.

சரி, அந்தச் சுத்தம் செய்யும் மென்பொருளையும் நீக்குவோம் என்று நீக்கினேன். இரண்டு நாள் கழித்து 'உங்கள் கணினி ஆபத்தில்' என்று புதிய பெட்டி! மிச்சத்தை அகற்றுவதாகக் காசு வாங்கியது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தன் மிச்சத்தை விட்டுப் போயிருந்தது. அதைக் கையால் அழித்தேன்.

காசைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம்தான், ஆனால் வெளிநாட்டில் எங்கோ இருப்பவனுக்கு யார் போய் நோட்டீஸ் கொடுப்பது? ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று வேறு இருந்தது. வங்கியைக் கூப்பிட்டு அட்டையையே மாற்றிக்கொண்டேன்.