ஊர்வாரியா, வேலைவாரியா, நூல்வாரியா? பெரிய தன்னார்வக் குழுவைப் பிரிக்கும் மூன்று வழிகள்

பழைய மலாயாத் தமிழ் நூல்களை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஏற்றி மெய்ப்புப் பார்க்கும் குழு எங்களுடையது. ஆட்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக இருக்கிறார்கள். வேலை முழுக்க இணையத்தில், பேச்சு முழுக்கப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்). ஆள் கூடக் கூட எல்லாரும் ஒரே புலனக் குழுவில் இருந்து வேலை பார்ப்பது சிரமமாகிறது. இதில் யாருடைய குறையும் இல்லை, கணக்கே அப்படித்தான். 5 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசும் தொடர்புகள் 10. அதுவே 30 பேர் என்றால் 435. காலை வணக்கப் படங்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் நடுவே, "47-ஆம் பக்கத்தை யார் பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

ஆகவே சிறு குழுக்களாகப் பிரியத்தான் வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஊரை வைத்துப் பிரிக்கலாம், வேலையை வைத்துப் பிரிக்கலாம், நூலை வைத்தும் பிரிக்கலாம். நான் நூல்வாரிப் பிரிவின் பக்கம். அதிலும் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு ஊர் ஆட்களும் கலந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் புரிய, வேலை நடக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. எழுத்துணரி (படத்தில் உள்ள அச்செழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள், OCR) கொடுத்த வரைவு அப்படியே இருந்தால் சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால் பச்சை. மஞ்சளாக்கியவரே அந்தப் பக்கத்தைப் பச்சையாக்க மென்பொருள் விடாது. அதாவது எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும் தனி ஆளால் ஒரு நூலை முடிக்க முடியாது. இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். எந்தப் பிரிவு நல்லது என்று கேட்டால், இந்த இரண்டாவது ஆளை எது எளிதாகக் கொடுக்கிறது, எது நேர்மையாகப் பார்க்க வைக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

ஊர்வாரி

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பினாங்குக் குழு ஒன்று, கோலாலம்பூர்க் குழு ஒன்று. இதில் பெரிய நன்மை ஆள் சேர்வது. முன்பின் தெரியாத இணையக் குழுவில் சேரத் தயங்குகிறவர், "நம்ம டீச்சர் இருக்காங்க, வாங்க" என்று கூப்பிட்டால் வந்துவிடுவார். புதிதாக வருகிறவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது, தமிழ்த் தட்டச்சுப் பழக்குவது எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரே மாலையில் முடிகிற விஷயம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கின் லெபோ பாசார் பக்கமோ ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

உள்ளூர் அறிவும் பெரிய பலம். பழைய நூல்களில் பிறை, பாகான், தண்ணீர்மலை என்று வரும். பினாங்குப் பக்கம் வளர்ந்தவருக்கு அவை இடப்பெயர்கள் என்று பார்த்தவுடன் தெரியும். மற்றவர் எழுத்துணரியின் பிழை என்று எண்ணி மாற்றிவிடக்கூடும். தோட்டப்புறச் சொற்களுக்கும் இதே கதைதான். கித்தாவையும் (ரப்பர்) கிராணியையும் (தோட்ட எழுத்தர்) வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் ஒருவராவது பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரே ஊர் என்றால் அடிக்கடி சந்திப்பார்கள் என்று நினைப்பது தவறு. பினாங்குக் குழுவில் பாதிப் பேர் தீவில், பாதிப் பேர் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம் பக்கம். நடுவில் கடல். கோலாலம்பூர்க் குழு என்பதும் ரவாங் முதல் கிள்ளான் வரை விரிந்து கிடக்கிறது. வேலை முடிந்து நெரிசலில் மாட்டி வீடு சேர்ந்தவரைச் சந்திப்புக்குக் கூப்பிட மனம் வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை சம்பந்தப்பட்டது. ஒரே ஊரில் எல்லாரும் அண்ணன், அக்கா, ஐயா, டீச்சர். தனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் மஞ்சளாக்கிய பக்கத்தை முன்னாள் மாணவர் திறக்கிறார். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' நிற்கிறது. தமிழ் எழுத்துணரிகள் அதிகம் தடுமாறுகிற இடம் அது. ஒன்றைத் திருத்துவார், இரண்டைத் திருத்துவார். பக்கம் முழுக்கப் பிழை என்றால், "ஐயா இதை இன்னொரு தடவை பார்க்கணும்" என்று சொல்ல வாய் வராது. பேசாமல் பச்சை கொடுத்துவிடுவார். இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை, அன்பில் நடப்பது. ஆனால் பிழையோடு பச்சையான பக்கத்தை யாரும் மறுபடி திறந்து பார்க்கப் போவதில்லை. சிவப்பிலேயே கிடந்திருந்தால் கூட ஒருநாள் யாராவது பார்த்திருப்பார்கள்.

வேலைவாரி

ஸ்கேன் எடுப்பவர்கள் ஒரு குழு, முதல் மெய்ப்பு ஒரு குழு, இரண்டாம் மெய்ப்பு ஒரு குழு, பக்க வடிவமைப்பு ஒரு குழு. காகிதத்தில் மிக அழகாக இருக்கும். நன்றாக ஓடும் இடங்களும் உண்டு. புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூலகத்துக்கு உதவ 2000-ஆம் ஆண்டு தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் என்ற தன்னார்வ மெய்ப்புத் தளம் இப்படித்தான் இயங்குகிறது. மெய்ப்புக்கு மூன்று சுற்று, வடிவமைப்புக்கு இரண்டு சுற்று. மேல் சுற்றுக்குப் போகத் தகுதி காட்ட வேண்டும். அங்கே எந்த நேரத்திலும் ஏராளமான ஆட்கள், வரிசையில் ஏராளமான நூல்கள். ஒருவர் விலகினாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

முப்பது, நாற்பது பேர் உள்ள குழுவில் அது நடக்காது. இரண்டாம் மெய்ப்புக் குழுவில் இருப்பது ஐந்து பேர் என்றும் அதில் மூவர் ஆசிரியர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வு வந்தால் அந்தக் கட்டமே நின்றுவிடும். முன்னால் இருப்பவர்கள் செய்து தள்ளிய மஞ்சள் பக்கங்கள் குவியும். அப்புறம் ஒரே மாதிரி வேலையை மாதக்கணக்கில் செய்கிறவருக்குச் சலிப்பும் வரும். எந்த நூலை முடித்தோம் என்று அவரால் சொல்ல முடியாது, பக்கங்களை மட்டும்தான் பார்த்திருப்பார்.

என்றாலும் இரண்டு வேலைகளுக்கு மட்டும் தனிக்குழு வேண்டும் என்பேன். ஒன்று ஸ்கேன், அதற்குக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். மற்றது உரிமைச் சோதனை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டு. விக்கிமூலம் அமெரிக்காவிலிருந்து இயங்குவதால் அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். ஆளுக்கு ஆள் ஊகிக்க விடாமல், விவரம் தெரிந்த இரண்டு, மூன்று பேரிடம் இதை ஒப்படைத்துவிடுவதே நல்லது.

நூல்வாரி

ஒரு நூல், நான்கைந்து பேர், நூல் முடிந்ததும் குழு கலைந்துவிடும். தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை சுவிட்சர்லாந்தில் இருந்தபடி கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் நூல்களைப் பகிர்ந்து எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்ய, வேறு ஆட்கள் மெய்ப்புப் பார்த்தார்கள். நூலே வேலையின் அலகாக இருந்தது. எடுத்தவருக்கு அது தன் நூல் என்ற பிடிப்பு இருந்தது.

அந்தப் பிடிப்பைத்தான் மற்ற இரண்டு வழிகளும் தருவதில்லை. நான்கு பேர் ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும்போது அந்த எழுத்தாளரின் நடை பழகிவிடும். பழைய அச்சில் வரும் கொம்பு வைத்த 'லை', 'னை' எழுத்துகள் எந்த இடத்தில் எழுத்துணரியை ஏமாற்றும் என்று பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பழைய எழுத்துக்கூட்டலை அப்படியே விடுவதா, அடிக்குறிப்பை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒரே பேச்சில் முடிவு செய்து நூல் முழுக்க ஒரே மாதிரி செய்துவிடலாம். வேலைவாரிப் பிரிவில் இதே கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக முளைக்கும்.

ஊர் கலப்பு உதவுவது இங்கேதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓய்வு பெற்ற ஆசிரியை மஞ்சளாக்கிய பக்கத்தை கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் கல்லூரி மாணவி பார்க்கிறாள் என்றால், அவளுக்கு அவர் டீச்சர் இல்லை. மரியாதையோடு, "அம்மா, 47-இல் ஆறாவது வரி மூலத்தில் வேறு மாதிரி இருக்கு, பாருங்க" என்று எழுதிவிடுவாள். அவரும் ஊருக்குள் யாருக்கும் தெரியவில்லையே என்ற நிம்மதியோடு திருத்திவிடுவார். பாகானும் பிறையும் வரும் பக்கங்களைப் பினாங்கு ஆள் முதலில் பார்க்கலாம், பிழையை விடாமல் பிடிப்பதற்குக் கோலாலம்பூர் ஆள் இருப்பார்.

குறைகளும் உண்டு. நாவல் என்றால் போட்டி போட்டு வருகிறவர்கள், ஒரு சங்கத்தின் பழைய ஆண்டறிக்கை என்றால் வரமாட்டார்கள். வரலாறு எழுதுகிறவர்களுக்கு நாவலைவிட அந்த ஆண்டறிக்கைதான் அதிகம் பயன்படும் என்பதால் இது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒரு நூலை முடித்த குழு அடுத்து ஒரு சிறு ஆவணத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது ஓரளவு உதவும்.

இன்னொரு குறை, ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளும் ஆபத்து. ஆங்கில விக்கிப்பீடியாவின் ராணுவ வரலாற்றுத் திட்டம் இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். அங்கே நாடு, காலம், பொருள் என்று பல சிறு பணிக்குழுக்கள் உண்டு. ஆனால் தர மதிப்பீடும் விதிகளும் தாய்த்திட்டத்துக்கு உரியவை. ஒருங்கிணைப்பாளர்களையும் ஆண்டுதோறும் தேர்தல் வைத்து எல்லாருக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாமும் மெய்ப்பு விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிப் பொதுவாக வைத்துவிட்டால், நூலுக்கே உரிய விஷயத்தை மட்டும் சிறு குழு தீர்மானித்துக்கொள்ளும்.

எந்தச் செயலியில் பேசுவது என்ற சண்டையில் அதிக நேரம் போக வேண்டாம். டெலிகிராமில் ஒரே குழுவுக்குள் நூலுக்கு ஒரு தலைப்பு தொடங்கலாம், பழைய பேச்சும் புதியவருக்குத் தெரியும். புலனத்தில் 2022 முதல் பல குழுக்களை ஒரே 'சமூகத்தின்' (Community) கீழ் சேர்க்கும் வசதி இருக்கிறது. மூத்தவர்கள் ஏற்கெனவே புலனத்தில் இருப்பதால் நான் புலனத்தையே சொல்வேன். ஆனால் எடுத்த முடிவை மட்டும் விக்கிமூலத்தில் அந்த நூலுக்கென்று உள்ள அட்டவணைப் பக்கத்தின் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். கைப்பேசி மாறினாலும் அது போகாது.

ஊர்க்குழுக்களைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆள் சேர்க்க, தட்டச்சுப் பழக்க, தீபாவளி விருந்துக்குச் சந்திக்க அவை இருக்கட்டும். பக்கங்களை மட்டும் அங்கே பங்கிட வேண்டாம். மொத்தமே எட்டு, பத்துப் பேர்தான் என்றால் எந்தப் பிரிவும் தேவையில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரு நூலை எடுத்து முடிக்கலாம். பெரிய குழுவில், ஒரு நூல்குழுவில் இரண்டாவது ஆள் கிடைக்காமல் மஞ்சள் பக்கங்கள் ஒரு மாதம் அப்படியே நின்றால், யாரையும் குறை சொல்லாமல் அந்த நூலைப் பொதுப் பட்டியலுக்குத் திருப்பிவிட்டு, அதில் இருந்தவர்களை ஓடிக்கொண்டிருக்கும் வேறு நூலில் சேர்த்துவிட வேண்டும்.