கரைப்பறவைப் படப்பிடிப்பு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரே கேமராவையும் ஒரே ஜூம் லென்ஸையும் ஆறு ஆண்டுகளாகக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) இறங்கும் நேரங்களில் கரைப்பறவைகளைப் பார்த்தும் படம்பிடித்தும் வருகிறேன். லென்ஸ் 100-400 மி.மீ. வகை, கேமராவின் சென்சார் முழுச்சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு என்பதால், 400 மி.மீ.யில் கிடைக்கும் காட்சிக் கோணம் முழுச்சட்ட கேமராவில் ஏறத்தாழ 600 மி.மீ. தருவதற்கு ஒப்பானது. உடன் ஓர் 8x42 பைனாகுலரும், தரையோடு தரையாகக் கேமராவைத் தாங்கும் ஒரு தட்டும் உண்டு. வாங்கியவுடன் எழுதப்படும் மதிப்புரைகளில் உப்புக்கும் மணலுக்கும் இடமிருப்பதில்லை. அவை தம் வேலையைக் காட்ட ஓரிரு ஆண்டுகளாவது ஆகும் என்பதால்தான் இவ்வளவு காலம் பொறுத்து இதை எழுதுகிறேன்.

கருவிகளுக்கு முன் ஓத அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் படங்களின் தரம் உயர்ந்ததற்கு லென்ஸைவிட அதுவே பெரிய காரணம். முதல் ஆண்டு முழுவதும், நீர் மிகக் கீழே இறங்கியிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, சரியாக அந்த நேரத்திற்குக் கரைக்குப் போய்ச் சேர்வேன். அப்போது சேற்றுவெளி முழுவதும் திறந்து கிடப்பதால், பறவைகள் நீர்விளிம்பை ஒட்டி வெகுதொலைவில் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். இப்போது நீர் வற்றி முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே சென்று, ஒரு மணல்திட்டின் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன். ஓதம் திரும்பி ஏறத் தொடங்கியதும் நீர்விளிம்பு கரையை நோக்கி நகர்கிறது. அதனோடு இரை தேடிக்கொண்டே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் தாமாகவே அருகில் வந்துவிடுகின்றன. என்னிடமுள்ள நல்ல படங்களில் பெரும்பாலானவை நீர் ஏறும் முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்தவை.

நாளுக்கு இரண்டு ஓதம் வரும் கரைகளில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை வெளிச்சமும் தாழ் ஓதமும் பொருந்தும் நாட்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை சிலவே வாய்க்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுதூரம் இறங்கி, அதே வேகத்தில் ஏறவும் செய்யும். படுத்திருப்பவரின் கண் முன்னால் உள்ள நீரிலேயே இருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் உள்ள பள்ளங்களில் நீர் முன்னதாகவே புகுந்துவிடக்கூடும். இதை அறியாமல் ஒருமுறை முழங்காலளவு நீரில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதன்பின், வரும்போதே திரும்பும் வழியைப் பார்த்து வைத்து, கைப்பேசியில் எழுப்பொலி வைத்த பிறகே படுக்கிறேன்.

படுத்துக் கிடப்பதால் கிடைக்கும் பயன் படத்தோடு முடிவதில்லை. உப்புக்கொத்தி சில அடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும். பெரிய கண்களால் பார்த்து இரை தேடும் பறவை அது. உள்ளான் வகைகள் பலவும் அலகைச் சேற்றில் செலுத்தித் தொட்டுணர்ந்து தேடுகின்றன. அவற்றின் அலகு நுனியில் நுண்குழிகள் நிறைந்து, அவற்றுள் தொடுவுணர்வு உறுப்புகள் இருக்கின்றன. ஒரு காலைப் பொழுதில், நீண்ட அலகுள்ள கரைப்பறவையான பட்டைவால் மூக்கன் ஒன்று எனக்கு ஏழெட்டு மீட்டர் தொலைவில் அலகை முகம் வரை சேற்றில் புதைத்து, தலையை மெல்லத் திருப்பித் திருப்பி ஏதோ தேடிற்று. பிறகு ஒரு கணம் அசையாமல் நின்று, அலகை விரைவாக இழுக்காமல் சிறிது சிறிதாக வெளியே எடுத்தது. நுனியில் ஒரு புழு நீண்டு மின்னியது. அது அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிதானம் என்று எனக்குத் தோன்றிற்று. அலகின் அடிப்பகுதி நிலையாக இருக்க, மேலலகின் நுனி மட்டும் வளைந்து திறந்திருப்பது அன்று எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நின்றபடி எடுத்திருந்தால் மேலிருந்து பார்த்த முதுகுதான் கிடைத்திருக்கும்.

அதனால் கருவிகளில் எனக்கு மிகப் பயன்பட்டது விலை குறைந்த அந்தத் தட்டுதான். வாணலியைப் போல விளிம்பு உயர்ந்த அதன் நடுவில் கேமராவை எப்பக்கமும் திருப்ப உதவும் ஒரு குமிழ்த் தலையைப் பொருத்தியிருக்கிறேன். ஈர மணலில் தள்ளினால் வழுக்கிச் செல்கிறது, மணல் மேலே ஏறுவதில்லை. முதலில் வாங்கிய முக்காலியின் கால் பூட்டுகளில் மணல் புகுந்து, இரண்டாம் ஆண்டிலேயே உப்பரித்து இறுகிவிட்டன. வெளிச்ச அளவீட்டில் கேமராவை அப்படியே நம்ப முடியாது: மின்னும் ஈர மணலைக் கண்டு அது படத்தை இருட்டாக்குகிறது, கரிய சேற்றுப் பின்னணியில் வெள்ளை வயிற்றை வெளுக்கவிடுகிறது, ஆகவே முன்னதற்கு வெளிச்ச அளவை ஒரு படி கூட்டியும் பின்னதற்குச் சற்றுக் குறைத்தும் வைக்கிறேன். அலையோடு ஓடும் சாண்டர்லிங் என்னும் சிறு உள்ளானுக்கு 1/2000 நொடிக்குக் குறைந்த ஷட்டர் வேகம் போதவில்லை. வெயில் ஏறிய பிறகு மணலிலிருந்து எழும் கானல், தொலைவிலுள்ள பறவையின் இறகுகளைக் குழப்பிவிடுகிறது. இதை லென்ஸின் குறையென்று எண்ணி விலையுயர்ந்த லென்ஸுக்கு மாற நினைத்தவன் நான். அது காற்றின் குறை என்பதால், அதிகத் தொலைவு இழுக்கும் லென்ஸ் அந்தக் கலக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

லென்ஸின் உண்மையான பலவீனம் வேறு. ஜூம் செய்யும்போது அதன் குழாய் முன்னால் நீள்கிறது. உப்பும் நுண்மணலும் ஒட்டிய குழாயை உள்ளே இழுத்தால் அவையும் உள்ளே போகின்றன. மூன்றாம் ஆண்டில் ஜூம் வளையம் நறநறவென்று ஒலித்தது. பழுது பார்த்துத் தந்தவர்கள் வளையத்தைச் சரிசெய்தார்கள், ஆனால் உள் கண்ணாடியில் ஒரு தூசியை விட்டுவிட்டார்கள். அது படத்தில் தெரிவதில்லை என்றாலும் என் மனத்தை உறுத்துகிறது. தவறு என்னிடமும் இருந்தது: மணலை ஊதி அகற்றாமல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் ரப்பர் புளோயர், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி, கடைசியாக சிலிக்கா ஜெல் இட்ட பெட்டி என்ற வரிசையை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மாற்றுவதில்லை.

பறவைகள் அருகில் வருவதை நாம் ஏற்றுக்கொள்ளலாம்; நாம் அவற்றைத் துரத்தி நெருங்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தாழ் ஓதம் அவற்றின் உணவு நேரம். 2022ஆம் ஆண்டில் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கி.மீ. பறந்தது, அதன் உடலில் பொருத்திய கருவியின் வழியே பதிவாயிற்று. அத்தகைய பயணத்திற்கான எரிபொருள், முன்கூட்டியே தின்று சேர்த்த கொழுப்புதான். வலசைக்கு முன்பு ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அதில் ஒரு பங்கு வீணாகிறது. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் நான் அசைவதில்லை. எச்சரிக்கைக் குரல் எழுந்தால் மெல்லப் பின்வாங்குகிறேன்.

அதே லென்ஸை மீண்டும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். முக்காலியை வாங்க மாட்டேன். அடுத்து சேர்க்க விரும்புவது 20-60 மடங்கு உருப்பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் சிறு தொலைநோக்கி. ஆய்வாளர்கள் சில பறவைகளின் காலில் நிறக்கொடி கட்டியிருப்பார்கள். கொடியின் நிறம் அது எந்தப் பகுதியில் கட்டப்பட்டது என்பதையும், அதிலுள்ள எழுத்துகள் எந்தப் பறவை என்பதையும் சொல்லும். இதுவரை மூன்று கொடிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டைப் படிப்பதற்குள் பறவை எழுந்துவிட்டது. ஸ்கோப் இருந்திருந்தால், அவற்றைக் கரையிலிருந்தே படித்திருப்பேன்.