அடைத்துக்கொண்ட பெருங்குடல்: உடனே அறுவையா, முதலில் ஸ்டென்டா?

பெருங்குடலின் இடப்பக்கத்தில் வளரும் புற்றுநோய்க் கட்டி பாதையை முழுதாக அடைத்துவிட்டால் வயிறு உப்பும். மலமும் காற்றும் நின்றுபோகும். காத்திருக்க நேரமில்லை.

அவசர அறுவை சிகிச்சை பழைய வழி. கட்டியை வெட்டியெடுத்துவிட்டு, பெரும்பாலும் குடலின் மேல்முனையை வயிற்றுத் தோல் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் சேரப் பை பொருத்துவார்கள். வீங்கிய குடலை உடனே தைத்து இணைத்தால் தையல் கசியலாம் என்பதே காரணம். ‘தற்காலிகம்’ என்று சொல்லி வைக்கும் பை பலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, நிரந்தரமாகிவிடுகிறது.

ஸ்டென்ட் என்றால், ஆசனவாய் வழியே கொலனோஸ்கோப்பை (கேமரா பொருத்திய வளையும் குழாய்) செலுத்தி, கட்டியின் குறுகிய இடுக்கில் மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் சுருங்கிய உலோக வலைக்குழாயை நகர்த்தி விடுவிப்பார்கள். அது ஓரிரு நாளில் தானாக விரிந்துகொள்ளும். நோயாளியைத் தேற்றி, சுமார் 2 வாரம் கழித்து நிதானமாக அறுவை செய்யலாம். பை தேவைப்படும் வாய்ப்பும் குறைகிறது.

ஆனால் ஸ்டென்ட் குடலைத் துளைத்துவிட்டால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிதறக்கூடும். குணமாக வாய்ப்புள்ள, உடல்வலு மிக்க நோயாளி என்றால் நான் தயங்குவேன். முதியவர், இதய நோயாளி, நோய் பரவிவிட்டவர் என்றால் ஸ்டென்டுக்கே என் வாக்கு, அதுவும் கைதேர்ந்த மருத்துவர் இருந்தால் மட்டும். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து தரும் திட்டமிருந்தால் துளை அபாயம் கூடும்.

குடல் ஏற்கெனவே துளைபட்டிருந்தால் பேச்சே இல்லை, அறுவைதான். ஆசனவாயை ஒட்டிய கட்டிக்கும் ஸ்டென்ட் ஒத்துவராது. வலியும் ஓயாத மல உணர்வும் வாட்டும்.