மார்த்தாண்டத்தில் டபுள் பேஸ் ரிப்பேர்: கூடவே உட்கார்ந்திருங்கள்

வயலின், ஹார்மோனியம் ரிப்பேர் பார்க்கிற கடைக்கு, ஆள் உயரத்துக்குப் பெரிய வயலின் மாதிரி நிற்கிற டபுள் பேஸைக் கொண்டுபோகலாமா என்று கேட்டால், கொண்டுபோகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். நான் இருக்கவில்லை, இரண்டு தடவை டெம்போ வாடகை கொடுத்தேன்.

ஜூன் மாதம், நல்ல மழை. திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டலில் வாசித்துவிட்டு ராத்திரி களியக்காவிளை வழியாகத் திரும்பும்போது டெம்போ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, வீட்டில் வந்து பேஸைத் தூக்கினால் உள்ளே ஏதோ உருளுகிறது. சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் பசையும் இல்லாமல் ஆணியும் இல்லாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கிற ஒரு உருட்டுக் கட்டை. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆன்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது விழுந்தால் முதல் வேலையாக நான்கு கம்பிகளையும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் கம்பிகள் ஏறி நிற்கிற மரக் குதிரையின் அழுத்தம் தாங்காமல் மேல்பலகை அமுங்கிப்போகும். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிறது, போர்டு கிடையாது. சுற்றுவட்டாரச் சர்ச்சுகளின் வயலின், ஹார்மோனியம் எல்லாம் அங்கேதான் வருகிறது. ஆசாரி அண்ணனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பேஸைப் பார்த்ததும், "இத கெடத்த எனக்க கடையில எடம் இல்ல மக்கா, அந்த பெஞ்ச வெளிய இழு" என்றார். வாசலில் பெஞ்சு போட்டு, மேலே அரிசிச் சாக்கை மடித்து விரித்துக் கிடத்தினோம். அந்த அளவுக்குப் போஸ்ட் நிறுத்தும் கருவி அவரிடம் இல்லை. கான்கிரீட்டுக்குப் போடுகிற ஆறு மில்லி கம்பியை வளைத்து, முனையை அரத்தால் ராவி, போன் டார்ச் ஒரு பக்கம், பல் டாக்டர் கண்ணாடி ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி அதே போஸ்டை அதே இடத்தில் நிறுத்திவிட்டார். இந்த வேலைக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் பத்துக்குப் பத்து.

மீதி செட்டப்பையும் பார்த்து வையுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிப் போனேன் பாருங்கள், அங்கேதான் வினை. மறுநாள் வந்து வாசித்தால் கம்பியெல்லாம் சடசடவென்று பலகையில் அடிக்கிறது. குதிரையைச் சீவியிருக்கிறார். விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் நுனியில் கம்பி உயரத்தை அளந்தால் ஜி கம்பி நான்கு மில்லிமீட்டர், ஈ கம்பி ஆறு. என்னுடையது ஆறும் ஒன்பதும். "கிட்டார் கொண்டு வார பயலுவ எல்லாம் தாத்தித் தாங்க, தாத்தித் தாங்கன்னுதான சொல்லுவானுவ, உனக்கும் அதுதானேன்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை, நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு இத்தனை புலம்பலா என்றால், ஆமாம், ஜாஸில் பேஸ்காரனுக்குச் சத்தமே அதில்தான் இருக்கிறது. நான் கம்பியை விரல் நுனியால் சுண்டுவதில்லை. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதை முழுவதையும் கம்பியில் சாய்த்து வைத்து, தோளிலிருந்து வருகிற கையின் எடையோடு இழுத்து விடுகிறேன். அப்படி இழுத்தால் கம்பி அகலமாக ஆடும், ஆடுவதற்கு இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் நம் கை தானாகவே பயந்து சத்தம் குறைத்து வாசிக்கப் பழகிவிடும், அப்புறம் வேலையெல்லாம் ஆம்ப்ளிஃபையருடையது. எழுபதுகளில் நிறையப் பேர் கம்பியைத் தாழ்த்தி, சத்தத்தை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் குதிரையில் ஒட்டி, நேராக மிக்சரில் சொருகினார்கள். அந்தக் காலத்து ரெக்கார்டுகள் பலவற்றில் பெரிய பெரிய ஆட்களின் பேஸ்கூட ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி கேட்கும், மரத்தின் குரலே இருக்காது.

இடது கைக்கு நான் பழைய கட்சி. சிமாண்டில் என்ற பழைய பாடமுறையில், கழுத்தின் தலைப் பக்கத்துக் கீழ்ப் பொசிஷன்களில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மட்டும்தான், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கும். நான்கு விரலையும் தனித்தனியாகப் போட்டால் வேகம் வரும் என்கிறார்கள். வரட்டும், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கம்பியில் இரண்டு செட் வாசித்துவிட்டு உங்கள் மணிக்கட்டு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

'வாக்கிங் பேஸ்' என்று அவர்கள் சொல்வதற்கு நமக்கு 'நடை' என்ற சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, தாளத்திலும் அதைத்தான் சொல்கிறோம். நாலு தட்டுக்கு நாலு ஸ்வரம், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது வந்து தோளைத் தொடும்வரை உயிரோடு இருக்க வேண்டும். பேஸ்காரர் ரே பிரவுன் வாசிப்பதைக் கேளுங்கள், குறிப்பாகப் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சனின் ட்ரியோவில், அதாவது மூவர் குழுவில். ஒரு ஸ்வரமும் பாதியில் சாகாது. ரான் கார்ட்டரும் எனக்குப் பிடிக்கும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரெக்கார்டிங் வாசித்து 2015-ல் கின்னஸில் ஏறியவர், ஆனால் என் ஆள் ரே பிரவுன்தான். ஸ்காட் லஃபாரோ வேறு ஜாதி. வலது கையில் இரண்டு விரலை மாற்றி மாற்றி ஓட்டி, பில் எவன்ஸ் பியானோவோடு சரிக்குச் சரி பேசியவர். 1961 ஜூன் 25-ல் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் அந்த ட்ரியோவைப் பதிவு செய்தார்கள், பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. அவரைக் கேட்டால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவரைப் பார்த்து வாசிக்கிற பையன்களைக் கேட்டால் மட்டும் தம்பி, முதலில் நடந்து காட்டு என்று சொல்லத் தோன்றும்.

இதையெல்லாம் ஆசாரி அண்ணனிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியுமா? போனை எடுத்துப் பேஸ்காரர் பால் சேம்பர்ஸைப் போட்டேன், ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் வரும் முதல் பாட்டு. அதில் மெட்டைப் பேஸ்தான் சொல்லும், மற்றவர்கள் 'ஆமாம்' போடுவார்கள். போன் ஸ்பீக்கரில் அந்த 'ஆமாம்' மட்டும்தான் கேட்டது. பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், போனில் எங்கே வரும்? என் இயர்போனைத் துடைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார், ஒன்பது நிமிடத்துக்கு மேல். "ஒவ்வொரு தட்டுக்கும் உளி ஒரே ஆழம் எறங்குது பாத்தியா" என்றார். பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த காலத்திலிருந்து இருபது வருஷமாக இதைச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை இளையராஜா பாட்டில் வருகிற பேஸ் கிட்டாரை உதாரணம் காட்டித்தான் சமாளித்து வந்தேன்.

சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் குதிரையின் இரண்டு காலையும் அறுத்து, நடுவே மரையுள்ள பித்தளைச் சக்கரம் வைத்துவிட்டார், பக்கத்து லேத் பட்டறையில் கடைந்தது. இது அவர் கண்டுபிடிப்பு இல்லை, ஜாஸ் பேஸ்களில் சாதாரணமாக இருப்பதுதான், நான்தான் சோம்பேறித்தனமாகப் போடாமல் இருந்தேன். இப்போது மழைக்காலத்தில் மரம் ஊதிக் கம்பி ஏறினால் நானே திருகி இறக்கிக்கொள்கிறேன், பங்குனி வெயிலில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற நம் ஊருக்கு இது இல்லாமல் ஆகாது. பிளைவுட் உடம்பு என்பதால் என் பேஸுக்கு விரிசல் பயம் குறைவு, முழுப்பலகை பேஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்.

மொத்தம் 3,200 ரூபாய் ஆனது, அதில் லேத் கூலி 900. குதிரை சீவியதற்கு அவர் காசு வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு குறை பாக்கி: ஏ கம்பியில் ஒரு இடத்தில் லேசாக ஒரு இரைச்சல், ஃபிங்கர்போர்டைச் சமன் செய்தால்தான் போகும். அது கருங்காலி மரம், நனைந்த காற்றில் இழைப்புளி போட மாட்டேன், மழை விட்டதும் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு லீவு, சந்துக்குள் டெம்போ வராது. கம்பி உயரத்தை ஒரு தாளில் எழுதிக் குதிரையில் செருகிக் கொடுங்கள். அப்படியே இயர்போனும்.