வெள்ளவத்தையில் காலைச் சாப்பாடு: எட்டரைக்கு முன்னம் போனால் மட்டும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலிவீதியிலிருந்து கடலோர மெரின் டிரைவுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், பழைய வீடொன்றின் முன்பக்கத்தை உடைத்துக் கண்ணாடி போட்டு ஒரு கஃபே திறந்திருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை. கீழே குறையும் சொல்லப் போகிறேன், சின்னக் கடை, பிழைத்துப் போகட்டும். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எது என்று விளங்கும்.

வெள்ளவத்தையில் காலைச் சாப்பாட்டுக்குக் கடைப் பஞ்சம் இல்லை. சைவக்கடைக்குள் போய் உட்கார்ந்தால் கேட்காமலேயே வடைத் தட்டு மேசைக்கு வரும், எடுத்ததைக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார்கள், ருசியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி வாயை விழுங்குவதற்குள் அடுத்த ஆள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிற பெரியம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய், நாலு கதை கதைத்து ஆறுதலாகச் சாப்பிட அங்கே தோது இல்லை. ஆறுதலாக இருக்க விடுகிற கஃபேக்களுக்குப் போனாலோ, அவகாடோ தடவிய பாண்தான் கிடைக்கும். இந்தக் கடையில் இருக்கவும் விடுகிறார்கள், இடியப்பமும் தருகிறார்கள். அதுதான் விசேஷம்.

வெள்ளை, சிவப்பு இரண்டும் உண்டு, சிவப்பைக் கேளுங்கள். பின்பக்கக் குசினியில் அங்கேயே பிழிந்து அவிக்கிறார்கள். வெளியில் மொத்தமாக வாங்கி வைத்து விற்கிற இடியப்பத்தை ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், இழை காய்ந்து விறைத்து நிற்கும், எவ்வளவு சொதி ஊற்றினாலும் ஊறாது. இங்கே வந்ததைத் திருப்பிப் பார்த்தால் அவித்த தட்டின் பின்னல் அடியில் அப்படியே பதிந்து கிடக்கிறது, இரண்டு விரலால் பிய்த்தால் இழை இழையாகக் கழன்று வருகிறது, சொதி பட்டவுடன் குழைகிறது, ஆனால் கூழாகவில்லை. பீங்கான் தட்டில் நேரடியாக வைத்துத் தருகிறார்கள் என்பதும் எனக்குப் பெரிய விஷயம். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017இலேயே தடை செய்தார்கள், இன்னும் எத்தனையோ கடைகளில் தட்டுக்கு மேல் ஏதோவொரு வழுவழுப்பான தாளை விரித்து, ஆவி பறக்கிற சாப்பாட்டை அதன் மேல்தான் கொட்டுகிறார்கள்.

சொதி இன்னும் ஒரு படி மேலே. கடைச் சொதி என்றால் பெரும்பாலும் மஞ்சள் தண்ணீர். இங்கே இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் எல்லாம் நன்றாக அவிந்த பிறகு முதற்பாலை விட்டு, இறக்கி வைத்துத்தான் தேசிக்காய் பிழிந்திருக்கிறார்கள், ஒரு சொட்டும் திரையவில்லை. பெரியம்மா மறுபடி கேட்டு வாங்கினார். வெளிச் சாப்பாட்டை இலேசில் மெச்சுகிற ஆள் இல்லை அவர்.

சம்பலில் மட்டும் கவனம். தேங்காய்ச் சம்பல், கட்டச்சம்பல் இரண்டும் வரும், விலைப்பட்டியலில் இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை இலைப் படம், அதாவது சைவமாம். பெரியம்மா கட்டச்சம்பலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர், அப்படியே வைத்துவிட்டு, “தம்பி, இதுக்குள்ள மாசி கிடக்கோ?” என்று கேட்டார். பெடியன் உள்ளே போய் விசாரித்து வந்து, “ஓம் அம்மா, கொஞ்சம்தான் போட்டிருக்கு” என்றான். கொஞ்சம்தானாம்! கொழும்பில் பாதிக் கடைகளில் மாசிக்கருவாட்டை மீனென்று கணக்கெடுப்பதே இல்லை, உப்புப் புளி மாதிரி அதுவும் ஒரு சரக்கு. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள், சஷ்டி விரதம் பிடிக்கிறவர்கள் அந்தப் பச்சை இலையை நம்ப வேண்டாம், வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் மாசி போடாத சம்பலைப் புதிதாக இடித்துத் தருகிறார்கள், இதையும் சொல்லத்தான் வேண்டும், உரல் சத்தம் மேசை வரைக்கும் கேட்டது.

அப்பம் ஞாயிறு காலையில் மட்டும். இந்த ஊரில் அப்பத்துக்குப் பெரும்பாலும் பின்னேரம்தான் அடுப்பு மூட்டுவார்கள், ஆகவே காலையில் கிடைப்பதே சந்தோஷம். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் கொஞ்சம் மாப் பச்சை. சுமார்.

தேத்தண்ணீர்தான் மானத்தை வாங்குகிறது. இலங்கையில் இருந்துகொண்டு பிளேன்ரீ கேட்டால் ஒரு கோப்பை சுடுதண்ணீரும் பக்கத்தில் நூல் கட்டிய பையும்! அந்தத் தண்ணீரும் கொதித்த தண்ணீர் இல்லை, பையை எவ்வளவு அமுக்கியும் சாயம் இறங்க மாட்டேன் என்கிறது. பால்ரீ என்றால் அதே பை, கூடவே சின்னக் குவளையில் ஆறிய பால். பால்மாவோ டின்பாலோ போட்டு உயரத் தூக்கி ஆற்றி நுரையோடு வைக்கிற தேத்தண்ணீருக்குப் பழகிய வாய்க்கு இது ஆகாது. கோப்பி மெஷின் மட்டும் அரைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோப்பி நல்லதுதான், ஆனால் கப்புசீனோ 850 ரூபா, பத்து இடியப்பமும் சொதியும் சம்பலும் கிழங்குக்கறியும் சேர்ந்த செற்றே 680 ரூபாதான்.

அப்புறம் பில்லின் அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம். நாங்களே கவுன்டருக்குப் போய் ஓடர் கொடுத்து, நாங்களே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிற கடையில்! அந்தப் பெடியனுக்குப் போய்ச் சேருமென்றால் சந்தோஷமாகக் கொடுக்கலாம், அவனிடமே கேட்டேன், சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இவ்வளவும் எட்டரை வரைக்கும்தான். அதற்குப் பிறகு அது வேறு கடை. இடியப்பம் பிழிகிற அக்கா வீட்டுக்குப் போய்விடுவார், வாசல் பலகையை அழித்து ‘ஆல் டே பிரேக்ஃபஸ்ட்’ என்று எழுதி வைப்பார்கள்: முட்டை, சொசேஜ், டின் பீன்ஸ், வாட்டிய பாண், 1,950 ரூபா. பிந்திப் போன ஒரு நாள் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். பாண் ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் வெள்ளை, பீன்ஸ் டின்னிலிருந்து நேரே தட்டுக்கு வந்த குளிரோடு இருந்தது. அந்தக் காசுக்கு இரண்டு பேர் அங்கேயே விடியக்காலையில் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

மேல்மாடியில் சில மேசைகள் உண்டு, தண்டவாளத்துக்கு அப்பால் கடல் தெரியும், படி செங்குத்து, முழங்கால் நோக்காரரோடு போகிறவர்கள் கீழேயே இருங்கள். ஒழுங்கைக்குள் வாகனம் விட வழியில்லை, மெரின் டிரைவில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். காட் மெஷின் வேலை செய்வதும் செய்யாததும் அன்றன்றைய அதிர்ஷ்டம், காசாகக் கொண்டுபோங்கள்.